ஆண்டுக்கொரு நாள் பூட்டும் கேட்

என் வீட்டில் தங்கியவர்கள் யாரும் காலையில் அரை வயிறோடு கிளம்பியதில்லை. ஸ்கெல்விக்கில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள், சார்ஜென்ட். இரண்டு முட்டை, பன்றி இறைச்சி, வாட்டிய தக்காளி, நானே கிண்டிய ஆரஞ்சு ஜாம், ரொட்டி கேட்கக் கேட்க வரும். மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறேன். ஒரு ஜன்னலில் கடல், மற்றதில் ஆடு மேய்கிற நிலம். செப்டம்பரில் இறந்துபோனாரே ஓக்லி, அவரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். கடைசி நாள் இரண்டாவது முட்டை வேண்டாம் என்றார். நான்தான் கட்டாயப்படுத்தித் தட்டில் வைத்தேன்.

அந்த நாற்காலியில் உட்காருங்கள். அவரும் அதில்தான் உட்கார்ந்தார். அதற்காக எழுந்திருக்க வேண்டாம், நாற்காலி என்ன பாவம் செய்தது. போனில் சொன்னதையே கொஞ்சம் விவரமாகச் சொல்லப் போகிறேன். அழமாட்டேன். மன்னிப்பும் கேட்கமாட்டேன். அதற்காக உங்களைக் கூப்பிடவில்லை.

ஊரிலிருந்து கடற்கரைக்கு, வடக்கு மணலுக்குப் போக இரண்டு வழி. ஒன்று மேட்டுப்பாதை. என் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக்கொண்டு, கடலுக்கு நேர் மேலே செங்குத்தாக நிற்கிற மேட்டின் விளிம்பை ஒட்டிப் போகும். எந்தக் காலத்திலிருந்தோ அது பொதுவழி. அதில் எனக்கு ஒரு பேச்சும் இல்லை. இன்னொன்று என் முற்றம். சந்திலிருந்து கேட்டைத் திறந்துகொண்டு, என் சமையலறை வாசலுக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவே புகுந்து, பின்பக்கப் படியில் இறங்கினால் மணல். இருபது நிமிட நடை மிச்சம். என் புருஷன் வில்ஃபின் தாத்தா நாளிலிருந்து, போனால் போகிறது என்று ஊருக்கு விட்டுவைத்த வழி அது.

வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் டவுன்காரர். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பேன், ஜன்னலில் ஒரு முகம் வந்து நிற்கும். "என்ன சமையல்?" என்று கேட்கும். ஒரு அம்மாள் நேராக உள்ளே வந்து கக்கூஸ் எங்கே என்றாள். இன்னொருவர் கொடியில் காய்ந்த என் பாவாடையைப் போட்டோ எடுத்துக்கொண்டு, "எவ்வளவு அழகான கிராமம்" என்று உருகினார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நாங்கள் கொடுத்தது அனுமதிதான். வேண்டாம் என்று நினைத்தால் நிறுத்திக்கொள்ளலாம், அந்த நினைப்பு ஒன்று போதும் எனக்கு.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. இருபது வருஷம் தடையில்லாமல் ஜனங்கள் நடந்துவிட்டால் வழி அவர்களுடையதாகிவிடும், சட்டம் அப்படி. அதனால் நிலத்துக்காரர்கள் வருஷத்தில் ஒரு நாள் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். நாங்கள் பிப்ரவரியின் முதல் செவ்வாயில் பூட்டுவோம். சங்கிலி, பூட்டு, 'இன்று வழி இல்லை' என்று ஒரு பலகை. அது வில்ஃபின் வேலை. காலையில் பிளாஸ்க்கில் டீயோடு போவார், இருட்டும்போது வருவார். களஞ்சியம் மறைப்பதால் கேட் இங்கிருந்து தெரியாது. "ஆச்சா?" என்பேன். "ஆச்சு, பூட்டியாச்சு" என்பார். குளிரில் காது சிவந்துபோயிருக்கும். எனக்குப் பாவமாக இருக்கும், சூடாக சூப் கொடுப்பேன். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு நானே பூட்டினேன். ஒரு வருஷம்கூடத் தவறவில்லை.

ஆகஸ்டில் கவுன்சிலிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. என் முற்றத்தைப் பொதுவழியாகப் பதிவு செய்யக் கேட்டு ஒரு விண்ணப்பம். கேட்டவர் டெரன்ஸ் ஓக்லி, லெஸ்டர்காரர், ஓய்வுபெற்ற நில அளவையாளர், இருபத்துநான்கு வருஷமாகச் செப்டம்பரில் இங்கே விடுமுறைக்கு வருகிறவர். கூடவே ஊரார் முப்பத்தொரு பேரின் வாக்குமூலம், கையெழுத்தோடு. எல்லாவற்றிலும் ஒரே சங்கதி. வில்ஃப் இருந்தவரை கேட் பூட்டியிருந்து பார்த்ததே இல்லை. பிப்ரவரிச் செவ்வாயில் வந்தால் வில்ஃப் அங்கே நிற்பார், கேட்டைத் திறந்து பிடித்துக்கொள்வார். டீக்கடை டோரீன் எழுதியிருந்தாள், 'உங்களைக் காக்க வைத்துவிட்டேனே என்று மன்னிப்பும் கேட்டார்' என்று.

நான் நேராக அவள் கடைக்குப் போனேன். கடை நிறைய ஆட்கள்.

"ஏன் டோரீன், நீயுமா கையெழுத்துப் போட்ட?"

"உள்ளதத்தானே எழுதினேன், கண்ணு. வில்ஃப் தங்கமான மனுசன். நடந்து வந்தவங்க மூஞ்சிக்கு நேரா கேட்டச் சாத்த அவருக்கு வெக்கம்."

"எங்கிட்ட பூட்டிட்டேன்னுதானே சொன்னாரு."

"உங்கிட்ட வேற என்னத்தச் சொல்வாரு? அப்புறம் ராத்திரிச் சோறு யாரு போடறது?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். எங்கள் ஊரில் அப்படித்தான், வயிறு எரிந்தாலும் சிரித்துவிட்டு ஒரு கேக் வாங்கிக்கொண்டு வரவேண்டும். வாங்கிக்கொண்டு வந்தேன்.

வக்கீல் காகிதங்களைப் புரட்டிவிட்டுச் சொன்னார், "உங்க வீட்டுக்காரர் இருபது வருஷத்துல ஒரே ஒரு தடவ பூட்டியிருந்தாப் போதும், மிஸஸ் ஆப்பிள்யார்ட். நீங்க மூணு வருஷமா பூட்டறது லேட்." இருபத்திரண்டு வருஷம் அந்த மனுஷருக்கு சூப் வைத்துக் கொடுத்திருக்கிறேன். கல்லறைக்குப் போய் நின்று திட்டினேன். பக்கத்துக் கல்லறையில் பூ வைத்துக்கொண்டிருந்தவர்கள் நகர்ந்து போய்விட்டார்கள்.

நன்றாக யோசித்தேன். முப்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டு அவரவர் ஜோலியைப் பார்க்கிற ஆட்கள். கோப்பும் கையுமாக அலைகிறவர் ஓக்லி ஒருவர்தான். வரைபடம் போட்டது அவர், வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பியது அவர். அவர் இல்லையென்றால் காகிதம் ஏதாவது ஒரு மேஜையில் மக்கிப்போகும். அப்போது நான் நினைத்தது அவ்வளவுதான். கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. அவர் இல்லையென்றால் என்றுதான் நினைத்தேன்.

ஒரு வாரத்தில் கடிதம் வருகிறது, ஓக்லியிடமிருந்து. என் வீட்டில் அறை கிடைக்குமா என்று. எப்போதும் டோரீன் வீட்டில் தங்குகிறவர், இந்தத் தடவை என்னிடம் தங்குவதுதான் முறை என்று தோன்றியதாம். முறையைப் பாருங்கள். வரச் சொன்னேன்.

திங்கட்கிழமை வந்தார். உயரம், மெலிவு, அறைக்குள் வரும்போது காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிற ரகம். குறை சொல்ல ஒன்றுமில்லை. படுக்கையைத் தானே மடித்து வைத்தார். இரண்டு நாள் விண்ணப்பத்தைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. மழை வருமா என்று பேசினோம். ஜாமில் எவ்வளவு தோல் போடுவேன் என்று பேசினோம். வெளியே போகும்போதெல்லாம் என் முற்றம் வழியாகத்தான் போனார், என்னைப் பார்த்துத் தொப்பியை எடுத்துக்கொண்டு. நான் கொடியில் துணி போட்டுக்கொண்டே தலையசைத்தேன்.

புதன்கிழமை காலை அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"மிஸஸ் ஆப்பிள்யார்ட், அந்த விண்ணப்பம் விஷயம்... உங்க மனசுல வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன வருத்தம். இன்னொரு ரொட்டி வைக்கட்டுமா?"

"வில்ஃப் இருந்தா சந்தோஷப்பட்டிருப்பார். ஒரு பிப்ரவரியில லீவு போட்டு வந்திருந்தேன், அப்பத்தான் முதல்ல பழக்கம். கையில சங்கிலியோட நிக்கிறார். திரும்பிப் போயிடட்டுமான்னு கேட்டேன். 'அட வாங்க, இவ்வளவு தூரம் நடந்து வந்துட்டு. எம் பொண்டாட்டிக்கு மட்டும் தெரிய வேணாம்'னார். ரெண்டு பேரும் என்னமா சிரிச்சோம் தெரியுமா."

சொல்லிவிட்டு இப்போதும் சிரித்தார். நல்ல மனதோடுதான் சொன்னார், அதை நான் மறுக்கவில்லை. எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. இருபத்திரண்டு வருஷம் இந்த ஊரே என் முற்றத்தில் நடந்து, என் ஜன்னலில் எட்டிப் பார்த்து, எனக்கு மட்டும் தெரியாத ஒன்றை வைத்துச் சிரித்திருக்கிறது. நான் ரொட்டியை வாட்டிக் கொண்டுவந்து வைத்தேன். கருகவில்லை.

ரேடியோவில் மறுநாள் காலை கடல்மூட்டம் இறங்கும் என்றார்கள். செப்டம்பரில் அது சகஜம். இறங்கினால் நீட்டிய கை தெரியாது. அதனால்தான் மேட்டுப்பாதையில் விளிம்பு மோசமான இடங்களில் கவுன்சில் ஆள் வெள்ளைக் கம்பு நட்டு வைப்பான். கடலுக்கும் நமக்கும் நடுவில் கம்பு இருக்க வேண்டும், கையெட்டும் தூரத்தில் அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஆபத்தில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் நடக்கும்போதே கற்றுக்கொள்வது. இருபத்துநான்கு வருஷம் வந்தவருக்கும் தெரியும்.

என் நிலத்தின் மூலையில் ஒரு இடத்தில் கடல் கீழே குடைந்துவிட்டிருந்தது. மணலிலிருந்து அண்ணாந்து பார்த்தால் ஐந்தடி அகலத்துக்குப் புல்தரை வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது, பச்சைப்பசேல் என்று இருக்கும். கவுன்சில் ஆள் கெட்டிக்காரன், விளிம்பிலிருந்து பன்னிரண்டு அடி உள்ளே தள்ளி நான்கு கம்பு நட்டிருந்தான்.

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு போனேன். நல்ல வெயில். நான்கு கம்புகளையும் பிடுங்கி, விளிம்பிலிருந்து இரண்டடியில் நட்டேன். குப்புறப் படுத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, மெதுவாகத் தட்டித் தட்டி. எழுபத்தொரு வயதில் அது சுலபமில்லை. ஒளிந்து செய்தேன் என்று எழுதாதீர்கள். நடக்க வந்த ஒரு ஜோடி என்னைப் பார்த்துக் கை ஆட்டியது.

"நல்ல காரியம் பண்றீங்கம்மா," என்றான் அவன்.

"யாராவது பண்ணணும்ல," என்றேன்.

வியாழக்கிழமை மூட்டம் சொன்னபடி இறங்கியது. நான் விடிந்ததும் போய் என் கேட்டைப் பூட்டி, பலகையை மாட்டிவிட்டு வந்தேன். இங்கே பின்படியின் குறுக்கேயும் ஒரு கயிறு கட்டினேன். ஓக்லி சாப்பிட்டுவிட்டு வந்து கயிற்றைப் பார்த்தார். குறும்பாகச் சிரித்தார்.

"இன்னிக்கு பிப்ரவரி இல்லையே, மிஸஸ் ஆப்பிள்யார்ட்."

"கோழிக்கு நோய். தரையெல்லாம் மருந்து தெளிச்சிருக்கேன், நீங்க மிதிச்சு மணல்வரைக்கும் கொண்டுபோகக் கூடாது. இன்னிக்கு ஒரு நாள் முன்வாசல் வழியா மேட்டுப்பாதையில போங்களேன்."

"தாராளமா. உங்க கோழி, உங்க முற்றம்."

என் முற்றம் என்று அவர் வாயாலேயே சொன்னார். அப்போதுகூட நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. ஆனால் அவர் கவுன்சிலுக்கு எழுதியது வேறுமாதிரி அல்லவா. சாண்ட்விச் கட்டிக் கொடுத்தேன். "மூட்டத்துல கண்ண நம்பாதீங்க. கம்பு கைக்குள்ளயே இருக்கட்டும்," என்றேன். "ரொம்ப நன்றி, நீங்க இருக்கறதால பயமில்ல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்கு, லாரியில் மண் கொட்டினாற்போல் ஒரு சத்தம். நான் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து யாரோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கடற்புறாக்களும் அப்படித்தான் கத்தும், அதனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஈரம் உள்ளே வருகிறதே என்று ஜன்னலைச் சாத்தினேன். பதினொரு மணி வரை உயிர் இருந்திருக்கும் என்று மரண விசாரணையில் டாக்டர் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். பகல் ஒரு மணிக்கு நானே போன் செய்து, விருந்தாளியைக் காணோம் என்றேன். நண்டுக்கூடை எடுக்கப் போன ஒருவர் அதற்குள் பார்த்துவிட்டார்.

தேடி வந்த ஆட்கள் பதினான்கு பேருக்கும் சூப்பும் ரொட்டியும் கொடுத்தேன். டோரீன் என் தோளில் சாய்ந்து அழுதாள், "உனக்குத்தான் கண்ணு எவ்வளவு அதிர்ச்சி" என்று. கோயிலில் பாதிரியார் என் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். ஓக்லியின் மகள் ஃபெலிசிட்டி சாமான்களை எடுத்துப்போக வந்தாள். அப்பா கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள், சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுக்காக ஒரு நாள் முழுக்க வருத்தப்பட்டேன். போகும்போது ஜாம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினேன்.

கம்புகள் நான்கும் அவரோடு கீழே கிடந்தன. அதைப் பார்த்துவிட்டு, கம்பு நட்ட இடம்வரை மேடு சரிந்துவிட்டது, பன்னிரண்டு அடி ஒரே நாளில் போய்விட்டது என்று முடிவு கட்டினார்கள். விளிம்புக்குப் பக்கத்தில் போய் அளக்க ஒருவருக்கும் தைரியமில்லை. கம்பு நட்ட ஆளையாவது கேட்டிருக்கலாம். அவனோ தன் கணக்குத்தான் தப்பிவிட்டது என்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டான். நல்லவன். அவனிடம் மட்டும் யாராவது சொல்லிவிடுங்கள், அவன் கணக்கு சரி என்று.

அதற்குப் பிறகுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. போன மாதம் ஊர்க்கூட்டம். ஃபெலிசிட்டி லெஸ்டரிலிருந்து வந்திருந்தாள். "எங்கப்பா மாதிரி இன்னொருத்தர் போகக் கூடாது. அவர் கேட்ட வழி பத்திரமான வழி. அதத் திறந்து விடுங்க," என்றாள். மண்டபமே எழுந்து நின்றது. தலைவர் என் பக்கம் திரும்பி, "மேவிஸ் மறுக்க மாட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தக் கடைசி நாள் அவரை எப்படிக் கவனிச்சுக்கிட்டாங்க," என்றார். கை தட்டினார்கள். டோரீன் என் கையை எடுத்து மேலே தூக்கிப் பிடித்தாள். என்ன செய்யச் சொல்கிறீர்கள், சிரித்தேன்.

மேட்டுப்பாதை ஆபத்தானது என்று நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அதற்குப் பதிலாக என் முற்றம், எல்லாருக்கும், என்றைக்கும். பெயர் ஓக்லி வழி. கோழிக்கூண்டுக்கு எதிரே அவர் நினைவாக ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள், பித்தளைத் தகட்டோடு. ஞாயிற்றுக்கிழமை அதில் ஆறு பேர் உட்கார்ந்து என் சமையலறையைப் பார்த்துக்கொண்டே ஆப்பிள் சாப்பிட்டார்கள். நேற்று இரண்டு ஆட்கள் வந்து கேட்டைக் கீலோடு கழற்றி, களஞ்சியத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். இனி அது தேவைப்படாதாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்களுக்குப் போன் செய்தேன்.

மனசாட்சி உறுத்தியதா என்று கேட்டீர்கள். இல்லை. நன்றாகத் தூங்குகிறேன். நீங்கள் இன்னும் விஷயத்தைப் பிடிக்கவில்லை, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். மேட்டுப்பாதை ஒருவரையும் கொல்லவில்லை. நான் கொன்றேன், திட்டம் போட்டு, டெரன்ஸ் ஓக்லியை. மேட்டின் சரிந்த பகுதி அந்த ஐந்தடி மட்டும். அது எப்படியும் விழவேண்டியது. கம்புகளைப் பிடுங்கிய நான்கு குழிகளையும் புல்லோடு பெயர்த்த மண்கட்டி வைத்து மூடி, குதிகாலால் அமுக்கினேன். இப்போதைய விளிம்பிலிருந்து ஏழடி உள்ளே, உறுதியான தரையில் அப்படியே இருக்கின்றன. கவுன்சில்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் அளந்து காட்டுங்கள். கம்புகள் நட்ட இடத்தில் இருந்திருந்தால் அந்த மனுஷர் மதியத்துக்குள் திரும்பி வந்திருப்பார். பாதை பத்திரமானது என்றால் அதைத் திறக்க வேண்டும். அதைத் திறந்தால் என் முற்றம் எதற்கு. விண்ணப்பத்தை நடத்தவும் இப்போது ஆள் இல்லை. வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இதில் ஓட்டை இல்லை.

மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன். கோழிகளுக்குத் தீனி வைத்தாகிவிட்டது. கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு உதவி, சார்ஜென்ட். அந்தக் கேட்டைக் கழற்றியவர்களைக் கூப்பிட்டு மறுபடி மாட்டச் சொல்லுங்கள். பூட்டு அலமாரியில் இருக்கிறது. நான் வீட்டில் இல்லாதபோது ஊரார் உள்ளே வருவது எனக்குப் பிடிக்காது.